விளக்கு எரிந்த கதவு

பாஸ்கோ, பட்டானெஸ் தீவுகள்
9 ஜனவரி 1994

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் பன்யாங் எழுதுவது. உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றிக்கொண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? படி ஏறாதீர்கள் என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

ஆறு நாளாக இங்கே மூடுபனி. விமானம் வந்து தலைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றும். சத்தம் மட்டும் கேட்கும், கண்ணில் படாது. பிறகு மணிலாவுக்கே திரும்பிவிடும். உங்கள் கிறிஸ்துமஸ் கடிதம் இப்படி இரண்டு தடவை என் தலைக்கு மேலே வந்துவிட்டுப் போயிருக்கிறது. மூன்றாவது தடவைதான் இறங்கிற்று.

வானிலை நிலையத்தில் என் வேலை அதேதான். காலையில் பலூனில் காற்றடைத்து மேலே விடுகிறேன். மழைமானியைப் பார்த்து எழுதுகிறேன். சினிமாவில் ஊரையே அழவைத்தவள் இப்போது மழையை அளந்துகொண்டிருக்கிறாள் என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது தெரிகிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது அம்மா. வெள்ளை பலூன் வெள்ளை மேகத்துக்குள் போய்விட்ட பிறகும் கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றுகொண்டிருப்பேன். யாரும் என்னைப் பார்க்காத நேரம் அது.

இனி முக்கியமான செய்தி. நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். அவர் பெயர் ஃபெர்மின். நாற்பது வயது, இந்தத் தீவுக்காரர். விமானச் சத்தம் கேட்டதும் ஓடுபாதையில் மேயும் மாடுகளை விரட்டுவது அவர் வேலை. போன மாதம் ஒருநாள், "மாடுங்க நான் சொன்னா கேக்குது. நீ கேப்பியான்னுதான் தெரியல. கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றார். "மாடு கேக்குறது உங்க பேச்சையா, குச்சியையா?" என்றேன். உடனே குச்சியைத் தூக்கிக் கடலில் போட்டுவிட்டார். மறுநாள் விமானம் வந்தபோது வெறும் கையை வீசிக்கொண்டு ஓடினார். ஊரே சிரித்தது.

ஈஸ்டர் முடிந்து ஏப்ரல் 23, சனிக்கிழமை. சின்னக் கல்யாணம். கல்யாணத்துக்குச் சாட்சி நிற்கும் ஞானப்பெற்றோராக எங்கள் நிலையத் தலைவர் அகூதோவும் அவர் மனைவியும் நிற்கிறார்கள், அவ்வளவு போதும். நீங்கள் பின்னித் தரும் முக்காடு வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள். மணிலாவில் யாருக்கும் சொல்லாதீர்கள். இங்கே யாருக்கும் சினிமாச் சிந்தாவைத் தெரியாது. நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

அன்புடன்,
பன்யாங்


சம்பலோக், மணிலா
27 ஜனவரி 1994

என் கண்மணி சிந்தாவுக்கு,

அம்மாவின் ஆயிரம் முத்தங்கள். கடிதத்தைப் படித்துவிட்டு நடு வீட்டில் நின்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுப் பாசிங் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

முப்பத்திரண்டு வயதில் என் பெண்ணுக்கு விடிந்திருக்கிறது. ஆனாலும் மாடு விரட்டுபவர் என்று நான் எப்படியடி வெளியே சொல்வேன்? விமான நிலைய அதிகாரி என்று சொல்லிவைத்திருக்கிறேன். "யூனிஃபார்ம் உண்டா?" என்று கேட்டாள் பாசிங். "வெள்ளை வெளேர்னு" என்றேன். உன் மாப்பிள்ளையிடம் ஒரு வெள்ளைச் சட்டை எடுத்துவைக்கச் சொல்.

யாருக்கும் சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தாய். நான் சொல்லவில்லை. டைரக்டர் ஐயாவிடம் மட்டும்தான் சொன்னேன். அவர் என்ன வேற்று ஆளா? கோயிலில் உனக்கு உறுதிபூசுதல் சடங்கு நடந்தபோது ஞானத்தகப்பனாக நின்றவர். அன்செல்மோ பெலார்டே என்ற பெயருக்கு இன்றைக்கும் ஸ்டூடியோவில் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். இரண்டே பேரை வைத்துக் கல்யாணம் முடிக்க நாம் என்ன அநாதைகளா? பாசிங் மகளுக்குப் பதினாறு பேர் நின்றார்கள், அதில் ஒருவர் கர்னல். பத்திரிகையில் அந்தப் பெயர்களைப் படித்து முடிக்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

அதனால் நேரில் போய், முறைப்படி, கல்யாணத்துக்கும் நீங்களே ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "சோலெங், என் சிந்தாவ பீடத்துகிட்ட நான்தான் கூட்டிட்டுப் போவேன். அவ நடக்குற நடையே நான் சொல்லிக் குடுத்தது" என்றார். பத்திரிகையிலிருந்து படம் எடுக்க ஆட்களையும் அழைத்து வருகிறாராம். கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டது. அவர் பெயர்தான் முதலில். ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன், தங்க எழுத்தைப் பார்.

எழுபது வயதிலும் அந்த மனிதர் ஓயவில்லை. இப்போது மாயுமி என்று ஏழு வயதுக் குழந்தை ஒன்றுக்கு அழப் பழக்குகிறார். அதே டப்பிங் அறை, அதே நேரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. "சிந்தாவுக்கு அப்புறம் இவதான்" என்றார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

முக்காட்டைத் தொடங்கிவிட்டேன். ஓரத்தில் மல்லிகைப் பூ பின்னுகிறேன்.

உன்னை நினைத்தே இருக்கும்,
அம்மா


பாஸ்கோ
12 பிப்ரவரி 1994

அன்புள்ள அம்மா,

பத்திரிகை கிடைத்தது.

அவர் வரக் கூடாது. அவர் பெயரை எடுத்துவிடுங்கள். கேட்டது தவறு என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். காரணம் இப்போது கேட்காதீர்கள். எழுத முடிந்தால் எழுதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. சிந்தா என்று என்னை எழுதாதீர்கள். அது அவர் வைத்த பெயர். மூன்று ராஜாக்கள் திருநாளன்று நான் பிறந்தேன், அதற்காக நீங்கள் எனக்கு ஒரு பெயர் வைத்தீர்கள். அது நன்றாகத்தான் இருக்கிறது.

நேற்று ஃபெர்மின் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "யாரு இது, மொத பேரா இருக்காரே?" என்று கேட்டார். நான் மழைமானியைப் பார்க்கப் போனேன். மழை பெய்யவில்லை. அவர் பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்றார்.

பன்யாங்


சம்பலோக்
26 பிப்ரவரி 1994

சிந்தா, என் மகளே,

உன் கடிதம் கிடைத்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருவரை ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்வதை இந்த ஊரில் எங்காவது கேட்டிருக்கிறாயா? கேட்கப்பட்டவரே மறுக்கக் கூடாது என்பார்கள். கேட்டவர்கள் பின்வாங்கினால் அந்தக் கல்யாணம் விளங்குமா? நான் எந்த முகத்தோடு அவர் எதிரில் போய் நிற்பேன்?

நன்றி கெட்டுப் பேசாதே. உன் அப்பா போன பிறகு கால்வாய் ஓரத்துத் தகரக் கொட்டகையில் கிடந்தோம். அங்கிருந்து நம்மைத் தூக்கிவிட்டது யார்? அவர் கண்டிப்பானவர்தான். அடித்தாரா? அந்தக் காலத்தில் எல்லா டைரக்டரும் கிள்ளியும் அடித்தும்தான் குழந்தைகளை அழவைத்தார்கள். அதையா இருபது வருடமாக மனதில் வைத்திருக்கிறாய்?

வேறு என்ன நடந்திருக்க முடியும்? நான்தான் தினமும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேனே. ஒருநாள் கூட எழுந்து போனதில்லையே.

முக்காடு பாதியில் நிற்கிறது. கை ஓடவில்லை.

அம்மா


பாஸ்கோ
9 மார்ச் 1994

அன்புள்ள அம்மா,

ஆமாம், நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். அதனால்தான் இதை எழுதுவது இவ்வளவு கடினமாக இருக்கிறது.

இன்று வானம் தெளிந்திருக்கிறது. பலூன் வெகுநேரம் கண்ணுக்குத் தெரிந்தது. கடுகளவு ஆகும் வரை பார்த்திருந்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

அந்த அறை உங்களுக்கு வெளிப்பக்கம்தான் தெரியும். உள்ளே சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும். பேசினால் குரல் வாயிலிருந்து வெளியே வந்ததுமே செத்துவிடும். நடுவில் மைக், அதன் கீழே நான் ஏறி நிற்க ஒரு முக்காலி. வாசலுக்கு மேலே சிவப்பு விளக்கு. அது எரிந்தால் ஒலிப்பதிவு நடக்கிறது, யாராக இருந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது என்பது ஸ்டூடியோ சட்டம். தயாரிப்பாளரே வந்தாலும் விளக்கு அணையும் வரை நிற்பார். அந்த விளக்கின் சுவிட்சு உள்ளே, டைரக்டர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது.

எனக்கு ஒன்பது வயதில் தொடங்கியது. பன்னிரண்டு வயது வரை நடந்தது. அவர் என்னை அடிக்கவில்லை அம்மா. அடித்திருந்தால் உங்களிடம் ஓடிவந்து சொல்லியிருப்பேன். ஒரு பெரிய மனிதன் ஒரு குழந்தையிடம் எதைச் செய்யவே கூடாதோ அதைச் செய்தார். முடிந்ததும் தலையைத் தடவி, "இப்ப வருது பாரு அழுகை, அப்படியே வெச்சுக்கோ" என்று செட்டுக்கு அழைத்துப் போவார். நாடே பார்த்து அழுத அந்தக் காட்சிகள் எதிலும் நான் நடிக்கவில்லை.

அந்த நேரங்களில் நான் கூரைக்குப் போய்விடுவேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. மேலே மிதந்தபடி, கீழே முக்காலியில் நிற்கும் பெண் யாரோ என்று பார்த்திருப்பேன். அங்கே சத்தம் கிடையாது, வலியும் கிடையாது. ஒரு கனவு போலத்தான் இருந்தது. அந்தக் கனவிலிருந்து கீழே இறங்கிவர எனக்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது.

வெளியே வரும்போது, பக்கத்தில் நீங்கள் நிற்க, அவர் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்ளச் சொல்வீர்கள். "ஞானத்தகப்பனுக்கு மரியாதை பண்ணு" என்பீர்கள். ஒற்றிக்கொள்வேன். கல்யாணத்தன்று கோயிலில், எல்லார் எதிரிலும், மறுபடியும் நான் அதைச் செய்ய வேண்டும் என்கிறீர்கள். என்னால் முடியாது. அவர் வந்தால் நான் கோயிலுக்குள் நுழைய மாட்டேன்.

முந்தாநாள் ஃபெர்மினிடம் சொன்னேன். கடலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அந்தாளு விமானத்துல வந்தா, மாட்ட விரட்ட மாட்டேன்" என்றார். நான் சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த அழுகை அது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அம்மா, நான் உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உங்களுக்கு ஏதாவது தெரிந்ததா? தெரிந்தது என்றாலும் எழுதுங்கள், தெரியாது என்றாலும் எழுதுங்கள். மாயுமி என்று ஒரு குழந்தையைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதையும் மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பன்யாங்


பாஸ்கோ
27 மார்ச் 1994, குருத்து ஞாயிறு

அம்மா,

உங்களுக்கு எழுதிய பிறகு ஐந்து தடவை விமானம் இறங்கிவிட்டது. ஃபெர்மின் ஒவ்வொரு தடவையும் தபால் பைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டு, கையை விரித்தபடி மேட்டில் ஏறி வருகிறார். மாடுகள் கூட அவரைப் பாவம் பார்க்கத் தொடங்கிவிட்டன.

நீங்கள் எழுதாவிட்டாலும் கல்யாணம் நடக்கும். இதைக் கோபத்தில் எழுதவில்லை. காலையில் குருத்தோலையோடு கோயிலைச் சுற்றி வரும்போது, பனிக்குள்ளே எனக்கு முன்னால் போகிறவர்களின் முதுகு மட்டும் தெரிந்தது. எல்லாம் மெதுவாக, தண்ணீருக்குள் நடப்பது போல இருந்தது. என் கால் தரையில் படுவது எனக்குத் தெரிந்தது. கூரைக்குப் போகாமல், கூட்டத்தோடு கூட்டமாக, சும்மா நடந்து போனேன். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. இன்றைக்கும் உங்கள் ஞாபகம்தான் வந்தது.

நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடம் உறுதி செய்து வைத்திருக்கிறேன். அந்தக் குழந்தைக்காக. யாரிடம் கொடுப்பது என்று இன்னும் தெரியவில்லை.

பன்யாங்


சம்பலோக்
9 ஏப்ரல் 1994

என் மகள் எபிஃபானியாவுக்கு,

பன்யாங் என்று சுருக்கிக் கூப்பிட்ட இந்தப் பெயரை முழுதாக எழுதியே எத்தனை வருடம் ஆகிறது! நடுவில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு மறுபடி எழுதினேன்.

உன் கடிதம் மார்ச் பதினாறிலேயே வந்துவிட்டது. படித்துவிட்டு அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். சோறு வைக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் கையில் பட்டது. பதில் எழுதாமல் இருந்தது என் கோழைத்தனம்தான், வேறொன்றுமில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

எனக்கு ஒன்றும் கேட்டதில்லை. அது சத்தியம். ஆனால் ஒருநாள் தண்ணீர் குடிக்கக் கேண்டீன் பக்கம் போனேன். ஒருநாள் கூட எழுந்து போனதில்லை என்று உனக்கு எழுதினேனே, அது பொய். அங்கே ஒலிப்பதிவுக்காரர் தீனோங் உட்கார்ந்து பான்சித் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்னண்ணே, இங்க இருக்கீங்க? உள்ள ரெக்கார்டிங் நடக்குதே" என்றேன். "நான் இல்லாம என்னம்மா ரெக்கார்டிங்? மெஷினையே மூடி வெச்சாச்சு" என்று சொல்லி எலுமிச்சை பிழிந்துகொண்டார். நான் திரும்பி வந்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவுக்கு முன்னால் நின்றேன். தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். கையைத் தூக்கினேன் பன்யாங். பிறகு, விளக்கு எரிகிறதே, டைரக்டர் கோபித்துக்கொள்வாரே, நாளைக்கு உனக்கு வேடம் கொடுக்காமல் போனால் மறுபடியும் அந்தத் தகரக் கொட்டகைதானே என்று நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து பின்னலை எடுத்துக்கொண்டேன். அன்றைக்குப் பின்னிய விரிப்பு இன்னும் என் ரேடியோ மேலே கிடந்தது. உன் கடிதம் வந்த அன்று அதை அடுப்பில் போட்டேன்.

எனக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்துகொள்ளாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் செய்தேன் என்பதுதான் உண்மை. உன்னை விற்றுச் சோறு தின்றிருக்கிறேன்.

ஈஸ்டர் முடிந்து ஸ்டூடியோ திறந்ததும், பத்திரிகையைத் திரும்பக் கொடுத்து, பெயரை எடுத்துவிட்டேன் என்று சொல்லப் போனேன். செவ்வாய்க்கிழமை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். புதன்கிழமை படிக்கட்டு வரை. வியாழக்கிழமை டப்பிங் அறைக்குப் போகும் அந்த நடை வரைக்கும் போனேன். அதே பெஞ்சு. அதில் வேறொரு அம்மா, சின்ன வயதுக்காரி, மடியில் குழந்தையின் செருப்பை வைத்துக்கொண்டு விசிறிக்கொண்டிருந்தாள். மேலே விளக்கு எரிந்தது. ஜன்னலுக்கு வெளியே, இப்போதைய ஒலிப்பதிவுக்காரன் மரத்தடியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. நடையே நீண்டுகொண்டு போவது போல இருந்தது. அந்தப் பெண், "அம்மா, ரெக்கார்டிங் நடக்குது, போகக் கூடாது" என்று எழுந்தாள். "நடக்கல மகளே. நீயும் வா" என்றேன். தட்டவில்லை. கதவைத் திறந்துவிட்டேன்.

மெஷின் மேலே துணி மூடியிருந்தது. குழந்தை முக்காலியில் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அது எனக்குத் தெரிந்த முகம். வீட்டுக்கு வந்ததும் "தூக்கம் வருதும்மா" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுப்பாயே, அந்த முகம்.

டைரக்டர், "சோலெங்! சிவப்பு விளக்கு எரியுது, தெரியல?" என்று கத்தினார்.

"தெரியுது. இருபது வருஷமா தெரியுது" என்றேன்.

பத்திரிகையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "உங்க பேர எடுத்துட்டேன். உங்களக் கேட்டது என் தப்பு."

"ஞானத்தகப்பன வேணாம்னு சொன்னா குடும்பத்துக்கே ஆகாது சோலெங்."

"ஆகாதது எல்லாம் இந்த ரூம்லயே ஆயிடுச்சு" என்றேன். என் குரல் அந்த முட்டை அட்டைச் சுவரில் செத்துப்போனது, நீ எழுதியிருந்தது போலவே. அதனால் இன்னும் சத்தமாக, நடை முழுக்கக் கேட்கும்படி, நீ எனக்கு எழுதியதைச் சொன்னேன். ஆட்கள் கூடிவிட்டார்கள்.

குழந்தையை இறக்கிக் கையைப் பிடித்தேன். வெளியே வரும்போது அவள் பழக்கத்தில் அவர் கையை எடுத்து நெற்றியில் ஒற்றப் போனாள். நான் அவள் கையை விடவில்லை.

அவளும் அவள் அம்மாவும் இரண்டு நாளாக என் வீட்டில்தான் இருக்கிறார்கள். அந்தப் பெண் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுகிறாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வக்கீலுக்குப் படித்த கன்னியாஸ்திரி ஒருவரைப் பாசிங் அழைத்து வந்தாள். நீ எழுதி வைத்திருப்பதை அவருக்கு அனுப்பு, முகவரி பின்னால் இருக்கிறது. நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். யார் கேட்டாலும் சொல்வேன்.

முக்காடு முடிந்துவிட்டது. மல்லிகை வேண்டாமென்று பிரித்துவிட்டு, ஓரத்தில் மேகம் போல ஏதோ பின்னியிருக்கிறேன். மேகம் எப்படி இருக்கும் என்று உனக்குத்தான் தெரியும், சரியில்லை என்றால் சொல். தபாலில் அனுப்பவா, நானே கொண்டு வரவா? வரக் கூடாது என்றால் எனக்குப் புரியும். மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை, அதனால் கேட்கவில்லை.

உன்னைப் பெற்றவள்,
கொன்சோலசியோன்


பாஸ்கோ
16 ஏப்ரல் 1994

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தைப் பலூன் விடும் மேட்டில் உட்கார்ந்து நான்கு தடவை படித்தேன். கையைத் தூக்கினேன் என்று எழுதியிருந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் நின்றுவிட்டேன். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நான் இருந்தேன். நீங்கள் தட்டுவீர்கள் என்று தினமும் காத்திருந்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று என்னாலும் எழுத முடியவில்லை. எழுதினால் அது நடிப்பாகிவிடும். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அது கொஞ்ச நாள் இருக்கும். அந்த வியாழக்கிழமையை நினைக்கும்போது மட்டும் நெஞ்சு லேசாகிறது. மாயுமியைக் கடலில் குளிக்க இங்கே ஒருமுறை கூட்டி வாருங்கள் என்று அவள் அம்மாவிடம் சொல்லுங்கள். என் வாக்குமூலம் இதே விமானத்தில் சிஸ்டருக்குப் போகிறது.

முக்காட்டைத் தபாலில் அனுப்ப வேண்டாம். வியாழக்கிழமை விமானத்தில் நீங்களே கொண்டு வாருங்கள். வானம் தெளிவாக இருக்கும் என்று அளந்து பார்த்துச் சொல்கிறேன், என் வேலையே அதுதான். ஃபெர்மின் மாடுகளை முன்கூட்டியே விரட்டி வைப்பாராம். வெள்ளைச் சட்டையும் வாங்கிவிட்டார், பாசிங்கிடம் சொல்லுங்கள்.

நான் ஓடுபாதைக்கு வர மாட்டேன். வீட்டில் இருப்பேன். மேட்டில் ஏறி வந்தால் நீலக் கதவு போட்ட கல் வீடு. மற்றவர்கள் யாரும் இங்கே கதவைத் தட்டுவதில்லை, நேராக உள்ளே வந்துவிடுவார்கள். நீங்கள் மட்டும் தட்டுங்கள் அம்மா. அந்தச் சத்தத்தை நான் கேட்க வேண்டும்.

நான் வந்து திறக்கிறேன்.

பன்யாங்